மத்தியானத்தில் ஏறிய முள்

"களவெடுக்கிறவன் மத்தியானம் எடுத்துப் பின்னேரம் திருப்பிக் கொண்டந்து ஊத்துவானோ ஐயா?"

பேணாட் போட்ட சத்தத்தில் முருங்கையில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

"கத்தாதையும்! பன்னிரண்டு மணிக்கு நான் பாக்கிறனான். நாலு விரல் தண்ணி குறைவு. மீன் வள்ளங்களுக்கு இறைச்சுக் குடுக்கிறீர்."

"விடியவும் பின்னேரமும் நான் பாக்கிறனான். ஒரு சொட்டும் குறையேல்லை."

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் இரும்புத் தாங்கியின் அடியில், புயலடித்த வருசத்துக்கு முந்தின வருசம் நடந்த சண்டை இது. பேணாட் தாங்கிக் காவல்காரன். எதிரே நின்றவர் மேற்பார்வையாளர் சிவகுருநாதன். குவாட்டர்ஸ் வாசல்களில் பெண்கள் ஒன்றும் கேட்காதவர்கள்போல அரிசி புடைத்தார்கள்; சுளகில் அரிசி இருந்ததோ தெரியாது. பேணாட்டின் மனைவி மாகிரட் மட்டும் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். களவென்று முடிவானால் வேலை போகும். வேலையோடு வந்த வீடும் போகும்.

தாங்கிக்குள் ஒரு மிதவை. அதில் கட்டிய கம்பி உச்சிக் கப்பியில் ஏறி, வெளிப்பக்கமாக இறங்கி, இலக்கம் எழுதிய பலகைக்கு முன்னால் ஒரு பாரமான முள்ளைத் தூக்கிப் பிடித்திருந்தது. உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே முள் ஏறும். அந்த முள்தான் மத்தியானத்தில் ஏறி நின்று பேணாட்டைக் கள்ளனாக்கியது.

வேலைத்தளத்திலிருந்து, கருவிகளைப் பழுதுபார்க்கும் பிற்றர் யேசுரட்ணம் ஏணியோடு வந்தான். ஏணி வைக்க இடம் வேண்டுமென்று மாகிரட்டின் தங்கச்சி அருள்மலர் கொடியிலிருந்த உடுப்புகளை அள்ளி, கயிற்றையும் அவிழ்த்து, பிறகு தேத்தண்ணியும் கொடுத்தாள். அவன் மிதவையைக் குலுக்கிப் பார்த்தான், ஓட்டையில்லை. கப்பிக்குக் கிறீஸ் பூசினான். கம்பியில் துருவுமில்லை. "ஒரு பிழையும் இல்லை" என்று போனவன், முள் மறுபடி ஏறியதும் இன்னொரு தரம் வந்தான். அப்போதும் கயிறு அவிழ்ந்தது, தேத்தண்ணி வந்தது, பிழை வரவில்லை. கருவியில் பிழை இல்லையென்றால் பேணாட்டில்தானே என்று குவாட்டர்ஸ் முடிவெடுத்தது.

மாகிரட்டின் தம்பி கப்பலிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ரோசாப்பூ பெட்சீற் இரண்டு இருந்தன. மற்றவர்கள் பின்வளவில் காயப்போடுவார்கள். அவளோ முருங்கையிலிருந்து தாங்கியின் கொழுக்கிவரை முன்பக்கத்தில் கயிறு கட்டியிருந்தாள். தெருவில் போகிறவர்களும் பூவைப் பார்க்க வேண்டாமா? ஒரு மத்தியானம் இரண்டாவது பெட்சீற்றைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். கொழுக்கிக்குப் பக்கத்தில் முள்ளின் கம்பியில் உரசிக்கிடந்த கயிறு ஈரப் பாரத்தில் இறுகிக் கம்பியை ஒரு பக்கம் இழுக்க, முள் மெல்ல ஏறியது. பெட்சீற்றை எடுத்தாள், இறங்கியது. காய்ந்து பாரம் குறைந்தாலும் இறங்கும்தானே!

"அந்தோனியாரே" என்று முணுமுணுத்துக்கொண்டு கயிற்றைப் பின்வளவுக்கு மாற்றினாள். பேணாட்டுக்குக்கூட மூச்சு விடவில்லை. தன் பவிசு தெருவில் சிரிப்பாகாமல் காரியம் முடிந்ததென்று நினைத்தாள்.

முடியவில்லை. முள் அதன்பின் ஏறவேயில்லை. சிவகுருநாதன் பலகையைத் தட்டிக்காட்டினார்.

"பாத்தீரோ? நான் சத்தம் போட்டன், களவு நிண்டிட்டுது. இதுக்கு மேல என்ன சாட்சி? நாளைக்குக் கொழும்புக்கு அறிவிக்கிறன்."

வாசல்கள் எல்லாம் தலையாட்டின.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ!" மாகிரட் பின்வளவுக்கு ஓடி, நீர் சொட்டச் சொட்டப் பெட்சீற்றுகளோடும் கயிற்றோடும் வந்தாள். எல்லாரும் பார்க்க முன்போலவே கட்டினாள். ஒன்றைப் போட்டாள். மற்றதையும் போட்டாள். முள் ஏறியது.

"மாகிரட் புள்ள, உன்ட ரோசாப்பூவுக்குத் தாகமாக்கும்!" என்றாள் பக்கத்து வீட்டுப் பரீதா. வாசல்கள் குலுங்கின.

சிவகுருநாதன் நம்பாமல் தானே பெட்சீற்றை எடுத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். வெள்ளைக் காற்சட்டை நனைந்தது.

"தாங்கியில கயிறு கட்டுவினமோ? பின்வளவு இல்லையோ?"

"அங்க போட்டா ஆர் பாக்கிறது ஐயா?" என்று மாகிரட் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கொழும்புக்கு அறிவிக்கவுமில்லை. அடுத்த வருசம் காலிக்கு மாற்றமாகிப் போனார். பேணாட் பென்சன்வரை அதே வீட்டில் இருந்தார். யேசுரட்ணம் மூன்றாம் தரமும் ஏணியோடு வந்தான். அப்போது முள்ளில் என்ன பிழை என்று யாரும் கேட்கவில்லை. தவக்காலம் முடிந்ததும் அருள்மலரைக் கைப்பிடித்து மூதூருக்குக் கூட்டிக்கொண்டு போனான்.