கிணற்றுக்குள் கேட்ட குரல்

நிருஷன் செத்து ஐந்தாம் மாதம், அவனுடைய குரலைப் படத்தில் விடுவதா எடுப்பதா என்ற பிரச்சினை வந்தது.

கிறிஸ்ரோபர் அண்ணை நல்ல மனிதர். யாழ்ப்பாண ரவுணில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் நாலு கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு, அனிமேஷனில் ஒரு காதல் படம் எடுக்கலாம் என்று நம்பியவர் கெட்டவராக இருக்க வழியில்லை. கலியாண வீடியோ வெட்டி ஒட்டி வந்த காசில்தான் அந்தப் படம் மெல்ல மெல்ல வளர்ந்தது. அவர் சொன்னதும் நியாயம். கதாநாயகனுக்கு நிருஷன் கொடுத்தது தற்காலிகக் குரல். வாயசைவு கீறுவதற்காக, வெளியே இருந்து சத்தம் வராமல் தலைக்கு மேலே போர்வையை மூடிக்கொண்டு பதிந்தது. பின்னால் ஃபான் இரைகிறது. ஓரிடத்தில் கீழே ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. ரேடியோ நாடகத்தில் நடிக்கிற லெனாட் என்ற பொடியனைக் கொண்டு திரும்பப் பேசுவிப்போம் என்றார்.

ஷாமினி கூடாது என்றாள். அங்கே படம் கீறுகிறவள் அவள். வாய் திறந்து மறுத்ததே அன்றைக்குத்தான். கிறிஸ்ரோபர் அண்ணை, அப்படியென்றால் நிருஷனின் தாயிடம் கேட்டுக்கொண்டு வா, அவ ஓம் என்றால் விடுகிறேன் என்றார்.

படத்தின் கதை இதுதான். மயிலிட்டியில் ஒரு கிணறு. அது இரண்டு உலகத்திலும் இருக்கிறது. ஒரு உலகத்தில் சண்டை வந்து சனம் ஓடி, இருபத்தேழு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் வீடும் இல்லை, மதிலும் இல்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் கிடக்கிறது. பற்றை வெட்ட வந்த பொடியன் அதை எட்டிப் பார்க்கிறான். மற்ற உலகத்தில் சண்டையே வரவில்லை. வீடு வீடாகவே நிற்கிறது. அங்கே ஒரு பெட்டை தண்ணி அள்ள வருகிறாள். இவன் இருமினால் அவளுக்குக் கேட்கிறது. அப்படியே கதை தொடங்கிக் காதலாகிறது. கடைசிவரைக்கும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காண்பதில்லை.

சனம் ஓடிய உலகத்தை நிருஷன் கீறினான். ஓடாத உலகத்தை ஷாமினி கீறினாள். பெட்டையின் குரலும் அவளுடையதுதான். ஒரே போர்வைக்குள் தோளோடு தோள் முட்ட இருந்துகொண்டு, காண முடியாத இரண்டு பேராக அவர்கள் பேசினார்கள்.

அந்தப் போர்வைக்குள்தான் அவர்களுக்கும் காதல் வந்தது. வெளியே ஒருவருக்கும் தெரியாது. அவள் மானிப்பாயில் வேதக்கார வீட்டுப் பிள்ளை. அவன் சைவம். படம் முடியட்டும், பிறகு இரண்டு வீட்டிலும் கதைப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். காங்கேசன்துறை வீதியில் அவனை மோதிய ஒரு ரிப்பர் லொறி அதற்கு இடம் வைக்கவில்லை.

செத்தவீட்டில் அவள் வேலையிடத்துப் பிள்ளைகளோடு பந்தலுக்குள் கதிரையில் இருந்தாள். உள்ளே பெண்கள் பெட்டியைச் சுற்றி இருந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் உள்ளே போய் யாரைக் கட்டிப்பிடிப்பது?

அது போதாதென்று கல்வெட்டு வேலையும் அவளிடமே வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சனத்துக்குக் கொடுக்கிற அந்த நினைவுப் புத்தகத்தில் தாய் புலம்பல், தமக்கை புலம்பல், மைத்துனர் புலம்பல், நண்பர்கள் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு இருக்கும். புலவர் எழுதிக் கொடுத்ததை அவள் ரைப் பண்ணி, பிழை பார்த்து, அவனுடைய படத்தைச் சுற்றிப் பூ வைத்தாள். தனக்கு ஒரு வரி போட இடம் தேடிப் பார்த்தாள். எந்தத் தலைப்பின் கீழே போடுவது? நண்பர்கள் புலம்பலில் ஒரு கால்புள்ளியைத் திருத்திவிட்டு அச்சுக்கு அனுப்பினாள்.

ஆக, அவனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அந்தப் படத்தில் மட்டும்தான். அதிலிருந்தும் அவனை எடுத்துவிட்டால், அப்படி ஒன்று இருந்தது என்பதற்கே அடையாளம் இல்லை. அதுதான் அவளுடைய பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய பஸ் ஏறி, தெல்லிப்பழையில் இறங்கி, ஓட்டோ பிடித்து மயிலிட்டிக்குப் போனாள். நிருஷனின் தாய் பத்மாவதி அவளைக் கல்வெட்டு அடித்த பிள்ளை என்று அடையாளம் கண்டு, அதில் மகனுடைய படம் வடிவாக வந்திருந்தது என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. ஷாமினி லப்ரொப்பைத் திறந்து, வந்த விஷயத்தைச் சொன்னாள். இரண்டு உலகம் என்றது அவவுக்குப் பிடிபடவில்லை. கிணற்றைக் கண்டதும் பிடிபட்டது.

"எங்கடை கிணறெல்லோ உது. ஆனா அந்த நாளையிலை கப்பி இல்லைப் பிள்ளை, துலாவாலைதான் தண்ணி அள்ளினது. ஆர் உதைக் கீறினது?"

"நான்தான் அன்ரி."

"சரி விடும். நீர் எங்கை கண்டீர்."

அப்போது அவனுடைய குரல் வந்தது. "மோட்டுப் பெட்டை, வாளியை மெல்ல விடும். என்ரை மண்டை உடையப்போகுது."

பத்மாவதி கையிலிருந்த தேத்தண்ணிப் பேணியை நிலத்தில் வைத்தா. வேலிக்கு அங்காலே பக்கத்து வீட்டுக் கனகாம்பிகை, ஆர் வந்தது என்று கூப்பிட்டுக் கேட்டதும், பத்மாவதி சட்டென்று குனிந்து, சத்தம் வருகிற இடத்தை இரண்டு கையாலும் பொத்தினா. ஒருத்தருமில்லை என்று பதில் சொன்னா. கனகாம்பிகையின் செருப்புச் சத்தம் தூரப் போனபிறகுதான் கையை எடுத்தா.

முதலிலிருந்து போடச் சொன்னா. திரும்பவும் போடச் சொன்னா. மூன்றாம் தரம் அவ படத்தைப் பார்க்கவில்லை. ஷாமினியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"உந்தப் பெட்டை நீரோ?"

"ஓம் அன்ரி. குரல் என்ரைதான்."

"நான் குரலைக் கேக்கேல்லை."

ஷாமினி தலை குனிந்தாள்.

எத்தனை சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தேன், ஒவ்வொன்றுக்கும் படம் முடியட்டும், படம் முடியட்டும் என்றான், இதற்காகத்தான் என்று நான் கண்டேனா என்று பத்மாவதி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னா. கோபமாகத்தான் தொடங்கினா. பாதியில் குரல் தளர்ந்துவிட்டது.

"வந்தால் சோறு, வெளிக்கிட்டால் போட்டுவாறன். என்னோடை அவ்வளவுதான் அவன்ரை கதை. உவ்வளவு கதை வைச்சிருந்தவனே?"

ஷாமினி, குரலைப் படத்தில் விடலாமோ அன்ரி என்று கேட்டாள்.

"அது உம்மோடை கதைச்ச கதை பிள்ளை. என்னட்டை ஏன் கேக்கிறீர்?"

செத்தவீட்டிலும் அழாதவள், அந்தியேட்டியிலும் அழாதவள், அந்தச் சீமெந்து நிலத்தில் இருந்து அழுதாள். பத்மாவதி கட்டிப்பிடிக்கவில்லை. முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெளியே கிணற்றடியைப் பார்த்தபடி இருந்தா.

போகிற நேரம் தன் போனை நீட்டி, அவன் கதைக்கிற இடங்களை மட்டும் இதிலே போட்டுத் தரச் சொன்னா. பிறகு யோசித்தா.

"இல்லை, உம்மடையும் இருக்கட்டும். இல்லாட்டி அவன் தனியக் கதைக்கிறமாதிரி இருக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த இரண்டு கையும் பொத்தியதுதான் ஷாமினிக்குக் கண்ணுக்குள் நின்றது. ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகனுடைய குரலை வேலிக்கு அங்காலே விட மனமில்லாமல் பொத்தியவ, அதைத் தூக்கி இவளிடம் கொடுத்துவிட்டா. இனி அதை மண்டபம் நிறையச் சனத்துக்குப் போட்டுக் காட்ட இவளால் முடியுமா? காட்டித்தான் ஆகவேண்டுமா? ஒரு ஆளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியவேண்டிய ஆளுக்குத்தான்.

திங்கட்கிழமை கிறிஸ்ரோபர் அண்ணையிடம் போய் லெனாட்டைக் கூப்பிடச் சொன்னாள். தாய் மறுத்துவிட்டாவோ என்று அவர் கேட்டார். இல்லை, அவ விட்டவ, நான்தான் விடேல்லை என்றாள். மனிதர் அதற்குமேல் கிண்டவில்லை.

இதில் அவள் நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது. அவனுடைய குரல் போனால் அவளுடைய பழைய குரலும் சரிவராது. அதிலும் அந்த ஃபான் இரைகிறது. ஆகவே காதல் வசனம் முழுவதையும், சிரிக்கிற இடம், கோபிக்கிற இடம் எல்லாவற்றையும், லெனாட்டோடு இருந்து திரும்பப் பேசவேண்டி வந்தது. அதே அறை, ஃபான் நிற்பாட்டியிருந்தது. வேர்த்துக் கொட்டியது. அவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

லெனாட் மரியாதையான பொடியன். இடைவேளையில் தண்ணிப் போத்தலை அவளிடம் நீட்டினான்.

"நல்லாய்ப் பேசுறியள் அக்கா. எங்கை பழகினனீங்கள்?"

"இஞ்சைதான்," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு வசனத்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.