மர்சலின் சொல்லாமல் விட்டது

அடையாற்றில் அந்த இலவச மனநல கிளினிக் செவ்வாயும் வெள்ளியும் மதியத்தில் மட்டும்தான் திறந்திருக்கும். டாக்டர் அஃப்சருன்னிசா ஹைதராபாத்காரர். கணவருக்கு மாற்றலாகி சென்னைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு வார்த்தைக்கு மேல் தமிழ் வராது. நோயாளி சொல்வதை அவருக்கு ஆங்கிலத்திலும், அவர் சொல்வதை நோயாளிக்குத் தமிழிலும் எடுத்துச் சொல்ல மர்சலின் பக்கத்தில் உட்காருவாள். மயிலாப்பூரில் காலை ஷிப்ட் டீச்சர் அவள். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. கோயிலில் பாதர் கேட்டுக்கொண்டார் என்று வந்தவள்.

1974, ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முத்துலட்சுமி வந்தாள். இருபத்திரண்டு வயது. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் மருமகள். அவளுடைய மூன்று மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மாமியார் சண்முகவடிவு வெளியே பெஞ்சில் இருந்தாள்.

தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று மெல்லச் சொல்லி வந்த முத்துலட்சுமி, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போவேன்க்கா. பிள்ளை இடுப்புல இருக்கும். கீழ போட்டுரு, கீழ போட்டுருன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லுது. எனக்கே பயமா இருக்கு. இதை யார்ட்டயும் சொன்னதில்ல."

மர்சலினுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை உண்டாகியும் குழந்தை தங்கவில்லை. வெளியே அந்தக் குழந்தை சிணுங்குவது கேட்டது. பெற்றவள் வாயில் வருகிற பேச்சா இது என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டாக்டர் மர்சலின் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"தூக்கமே இல்லையாம். குழந்தையோடு மாடி ஏறி இறங்குவது கஷ்டமாக இருக்கிறதாம்" என்றாள் மர்சலின் ஆங்கிலத்தில்.

டாக்டர் தலையசைத்துவிட்டு மாத்திரை எழுதினார். முத்துலட்சுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா வேற ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வா."

இரண்டு வாரம் கழித்து அவள் வரவில்லை. ஆறு வாரமாகியும் வரவில்லை. கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஒருநாள் கேட்டார்: "தூக்கம் வராத அந்தப் பெண் ஏன் திரும்பி வரவில்லை? வேறு ஏதாவது சொன்னாளா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டாள் மர்சலின். சனிக்கிழமை கோயிலில் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, "ஒரு பொய் சொன்னேன், சாமி" என்றாள். பாதர் அபராதமாக மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இங்கேயும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறோம் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

செவ்வாய்க்கிழமை முதல் நோயாளி வருவதற்கு முன்பே டாக்டரிடம் போய் நின்றாள். முத்துலட்சுமி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். "அவள் மாத்திரைக்கு வரவில்லை, மர்சலின். இதை ஒருத்தரிடம் சொல்லத்தான் வந்தாள். பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு இப்படிப்பட்ட நினைப்பு வரும். அது வருகிறதே என்று அவர்களே நடுங்குவார்கள். ஆபத்து உண்டா இல்லையா என்பது உட்கார வைத்து முழுசாகக் கேட்டால்தான் தெரியும். நான் அவளைக் கேட்கவே இல்லை."

'நான் கேட்கவில்லை' என்று அவர் தன்மேல் போட்டுக்கொண்டதுதான் மர்சலினால் தாங்க முடியாமல் போயிற்று. கார்டிலிருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு, அன்று நோயாளிகள் போனதுமே தி.நகருக்கு பஸ் ஏறினாள்.

கடைக்கு மேலேதான் வீடு. சண்முகவடிவு கதவைத் திறந்தாள். குழந்தை எங்கே என்று மர்சலின் விசாரித்தாள்.

"பிள்ளையா? ஊர்ல என் மக வீட்டுக்கு அனுப்பியாச்சு, டீச்சர். இவ தொடவே மாட்டேன்னுட்டா. பால் கட்டி, காய்ச்சல் வந்து, படாத பாடு. வைராக்கியம் பிடிச்சவ."

முத்துலட்சுமி உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மாமியார் காபி போடப் போனதும் மர்சலின் தரையில் அவளருகே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நீ சொன்னதை நான் டாக்டர்கிட்ட சொல்லலம்மா. மாத்திச் சொல்லிட்டேன்."

முத்துலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "அவுக முகத்தையே பாத்துட்டு இருந்தேனே! ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுதிட்டிருந்தாக. பதில் சொல்லக்கூட லாயக்கில்லாதவன்னு நெனச்சிட்டாகன்னுல்லா இருந்தேன். அதான் பிள்ளையத் தொடல. எங்கிட்ட இருந்தா ஏதாவது ஆயிரும்னு நாந்தான் அனுப்பச் சொன்னேன்." மர்சலின் பக்கம் திரும்பினாள். "ஏன்க்கா மாத்திச் சொன்னீய?"

"எனக்குக் குழந்தை தங்கல. நீ அப்படிச் சொன்னதும் உன்மேல ஆத்திரம் வந்துடுச்சு. அதான் நிஜம். இப்ப டாக்டர்கிட்ட முழுசாச் சொல்லிட்டேன், ஒரு தடவை வந்து அவங்களைப் பாரும்மா."

முத்துலட்சுமி அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள். கடைசியில், "வாரேன். ஆனா நீங்க உள்ள இருக்கக்கூடாது" என்றாள்.

மர்சலின் உள்ளே இருக்கவில்லை. மொழிபெயர்க்கத் தாயம்மா என்ற தமிழ் நர்ஸை டாக்டர் ஏற்பாடு செய்தார். வெள்ளிக்கிழமைதோறும் முத்துலட்சுமி உள்ளே போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். வெளி மேஜையில் பெயர் பதிந்துகொண்டிருந்த மர்சலினுக்குக் கதவுக்குப் பின்னால் சில நாள் அழுகை கேட்கும், சில நாள் பேச்சு மட்டும். என்ன பேச்சு என்று அவள் காது கொடுக்கவில்லை. நாலாவது வாரம் சண்முகவடிவையும் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த அவள், மருமகளின் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப் போனாள்.

தீபாவளிக்கு முன்பு குழந்தை திரும்பி வந்தது. முத்துலட்சுமி அதைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்தாள். தாயின் கையில் நிற்காமல் சண்முகவடிவு பக்கமே தாவியது.

"இன்னும் எங்கிட்ட ஒட்ட மாட்டேங்கான்" என்றாள் மர்சலினிடம். "மாசக்கணக்காப் போயிருச்சுல்லா?" குற்றம் சாட்டுகிற குரலில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அன்று கடைசி நோயாளியும் போனபின் மர்சலின் ஒரு புதுக் கார்டை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். உள்ளே போய் டாக்டரிடம் கொடுத்துவிட்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் கதவைச் சாத்தினார். இறந்து பிறந்த இரண்டாவது குழந்தையின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று தான் தலையைத் திருப்பிக்கொண்டதை, கணவனிடம்கூட சொல்லாததை, அவள் சொல்லத் தொடங்கினாள்.