நடு ஆத்துப் பேச்சு

திருமழபாடியில் கொள்ளிடக் கரையை ஒட்டிய தெருவில் குடியிருந்த புஷ்பவல்லிக்குப் புருசனோடு பேச வேண்டுமென்றால் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் சின்னதுரை வாயைத் திறக்க மாட்டான். சோறு போடு, வலை எங்கே, அவ்வளவுதான். பரிசலில் ஏறி, கரையில் கூப்பிடுகிறவர் குரல் கேட்காத தூரம் போனதும் அவனுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். அவள் துடுப்புப் போடுவாள். அவன் எதிரில் குந்தி வலையை விட்டுக்கொண்டே பேசுவான். ஊர்க்கதை, கனவில் வந்தது, சின்ன வயதில் பட்ட அடி என்று எதையும் விடமாட்டான். பிள்ளை இல்லாத வருத்தத்தை அவன் ஒருமுறை சொன்னதும் அங்கேதான். "நீ இருக்கியே, அது போதும் வல்லி" என்று சொன்னதும் அங்கேதான். அவர்கள் குடும்பம் நடத்தியது அந்தப் பரிசலில் என்றே சொல்லலாம்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு வளைகாப்புக்கு அவள் போன வேன், முந்திரிக்காட்டுத் திருப்பத்தில் கவிழ்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். புஷ்பவல்லிக்கு முதுகுத்தண்டில் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து திரும்பியபோது இடுப்புக்குக் கீழே கிள்ளினால்கூடத் தெரியவில்லை. சக்கர நாற்காலி வந்தது. பரிசலில் அவள் உட்கார்ந்த இடத்துக்குக் கொழுந்தன் அறிவரசன் வந்தான்.

சின்னதுரை அவளைப் பார்த்துக்கொள்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தூக்கி உட்கார வைப்பான், தலைக்கு ஊற்றிவிடுவான், புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பான். ஆனால் ஆற்றைப் பற்றி மட்டும் பேச மாட்டான். சொன்னால் அவள் ஏங்குவாள் என்று நினைத்தானோ என்னவோ.

"இன்னைக்கி என்ன பட்டுச்சு?" என்று அவள் கேட்பாள்.

"என்னமோ பட்டுச்சு" என்பான்.

அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்துத்தான் கெளுத்தியா கெண்டையா என்று அவளாகத் தெரிந்துகொள்வாள்.

சாயங்காலமானால் நாற்காலியை உருட்டிக்கொண்டு கரை மேலே போய் நிற்பாள். அதற்கு மேல் போக முடியாது. மணல் வண்டி இறங்கக் கூடாதென்று துறைக்குப் போகும் பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டியிருந்தார்கள். காலுள்ளவர்கள் தாண்டிப் போனார்கள், ஆடுகூடத் தாண்டியது. அவள் மேலேயே நின்று, தூரத்தில் தட்டுப்போலத் தெரியும் பரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் சின்னதுரையின் கை ஆடுவது தெரிந்தது. கையை நீட்டுகிறான், மடக்குகிறான், தலையில் வைத்துக்கொள்கிறான். அறிவரசன் குனிந்து சிரிக்கிறான். புருசன் பேசிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் வேறொருத்தியோடு நின்றதைப் பார்த்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அன்றைக்கு இராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்."

"பள்ளம் கெடக்கு. வண்டி எறங்காது."

"நீங்க தூக்கிட்டுப் போனா?"

"பரிசல் கவுந்தா நீ எப்படி நீந்துவ?" என்றான். அதோடு கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் கரைக்கே போகவில்லை. மறுபடி போன அன்று அறிவரசன் அரியலூருக்குப் போயிருந்தான். ஆற்றில் சின்னதுரை தனியாக இருந்தான். ஒரு கையால் துடுப்பு, ஒரு கையால் வலை. பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றியது. அவள் இடம் காலியாக இருந்தது.

புஷ்பவல்லி நாற்காலிக்குப் பிரேக் போட்டாள். கையை ஊன்றித் தரையில் இறங்கினாள். உட்கார்ந்தபடியே உடம்பை இழுத்து இழுத்துச் சரிவில் போனாள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கலைமணி ஓடி வந்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? நான் போயி அண்ணனக் கூப்புடுறேன்."

"கூப்புடாத. இந்தப் பள்ளத்துல மட்டும் கையக் குடு."

கலைமணி பள்ளத்தில் இறங்கி, அவளை அணைத்துப் பிடித்து, அந்தப் பக்கம் ஏற்றிவிட்டாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மீதித் தூரம் மணல். அதைப் புஷ்பவல்லி தானே கடந்தாள். தண்ணீர் விளிம்பில் போய் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். வெயில் பட்ட மேல் தண்ணீர் சுட்டது, அடியில் குளிர்ந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை.

சின்னதுரை அவளைப் பார்த்துவிட்டான். வலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். பரிசலை மணலில் இழுத்துப் போட்டு எதிரில் வந்து நின்றான். அவள் குதிகாலெல்லாம் தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவித் தலைத்துண்டால் ஒற்றினான்.

"எதுக்கு இப்படிப் பண்ணுன?"

"அறிவுகிட்ட மட்டும் பேசுறீங்கல்ல."

அவன் ஒற்றுவதை நிறுத்தினான். "வூட்டுக்குள்ள எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது வல்லி. நான் என்ன பண்ணட்டும்?" என்றான்.

அன்று அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மறுநாள் திருமானூர் பஞ்சர் கடையிலிருந்து லாரி டியூப் ஒன்று வாங்கி வந்தான். அண்ணனும் தம்பியுமாகப் பனஞ்சட்டங்களைத் தூக்கிப்போய்ப் பள்ளத்தின் குறுக்கே போட்டார்கள். புண் ஆறும்வரை அவளைப் பொறுத்திருக்கச் சொன்னான். பொறுத்திருந்தாள். பிறகு ஒரு விடியக்காலை டியூப்பை அவள் உடம்பில் மாட்டி, இடுப்பைத் துண்டால் பரிசலின் குறுக்குக் கட்டையோடு சேர்த்து, அவிழ்க்கச் சுலபமாக ஒரு சுருக்குப் போட்டுக் கட்டினான். துடுப்பைக் கையில் கொடுத்தான்.

முதலில் பரிசல் அவள் சொன்னபடி கேட்கவில்லை. இடுப்பு பிடிகொடுக்காததால் இழுத்த இழுப்புக்கெல்லாம் உடம்பு சாய்ந்தது. சின்னதுரை கையை நீட்டினான், தொடாமல் மடக்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் வழி கண்டுபிடித்தது. பரிசல் நேரானது. கரைச் சத்தம் குறைந்தது. அவள் எதுவும் கேட்காமல் துடுப்பைப் போட்டாள்.

"பாலத்தடியில இப்ப விரால் படுது" என்றான் அவன்.

அவ்வளவுதான், மடை திறந்தது. அவள் இல்லாத காலமெல்லாம் ஆற்றில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னான். முதலை என்று பயந்து துடுப்பால் அடித்தது வெறும் மரக்கட்டையாகப் போனதைச் சொன்னபோது தலையில் கையை வைத்துக்கொண்டான். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இத்தனை பேச்சு இவ்வளவு நாளும் தன்னை விட்டு எங்கே கிடந்தது என்றிருந்தது. திரும்பிக் கரையை நெருங்க நெருங்க அவன் பேச்சு இளைத்துக்கொண்டே வந்தது. அவள் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பரிசல் தன்போக்கில் மிதந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள்.

"வெயில் ஏறுது."

"ஏறட்டும்."

அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

நாலைந்து தடவைதான் போயிருப்பார்கள். முக்கொம்பு அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள், பரிசல் போடக் கூடாது என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாள் சாயங்காலம் புஷ்பவல்லி கரை மேலே போனபோது இக்கரைக்கும் அக்கரைக்கும் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பனஞ்சட்டம், பள்ளம், மணல் ஒன்றும் தெரியவில்லை. கவிழ்த்து வைத்த பரிசலைச் சின்னதுரை புளிய மரத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"எப்ப வடியும்?" என்று கேட்டாள்.

"பத்துப் பதினஞ்சு நாளாவது ஆவும்."

"வடிஞ்சா?"

"போவலாம்."

அதற்கு மேல் அவன் எதுவும் பேசவில்லை. இருட்டும்வரை இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.