அம்பு உட்காரும் இடம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நார்பர்ட்டின் வில் கடையில், என் வில்லுக்கு நாண் மாற்றக் காத்து நின்றபோது, கண்முன்னால் நடந்தது. வெர்லா ஹோன்கலா உள்ளே வந்தாள். கடை நிறைய ஆள் இருக்கும்போதே ஒரு சாமான் கேட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அவள்தான் வந்து நின்றாள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: "மிஷிகனின் வடக்கு ஓரத்தில், சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்று பைன் மரங்களை..." [அடித்துவிட்டேன். ஏரியை யார் கேட்டார்கள்.]

பிறகு: "வெர்லாவின் கை நடுங்கியது." [உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே ஒருத்தியை நோயாளியாக்கி உட்கார வைத்துவிடுகிறது. அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை.]

கடைசியில் கிடைத்தது இது: வெர்லா எங்கள் ஊரில் முடிவெட்டுகிறவள். வில்லோடு மரத்துப் பரண் ஏறினால் அவளைப் போல் மான் அடிக்க இங்கே ஆள் கிடையாது. இதை வைத்துக்கொள்வோம்.

2

வில் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாணை இழுத்துப் பிடித்திருக்கும் நேரத்தில் அம்பின் முன்பக்கம் வில்லில் எதன் மேலாவது உட்கார வேண்டும். அந்தச் சின்னச் சாமானுக்குத்தான் அம்புத் தாங்கி என்று பெயர். சின்னதுதான், ஆனால் எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் அதற்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கிறார்கள்.

வெர்லாவிடம் இருந்தது கவை. இரண்டு விரலை விரித்த மாதிரி இருக்கும்; அதன் நடுவில் அம்பு உட்காரும். நாணை விட்ட கணத்தில் கவை கீழே மடிந்து வழிவிடும், அம்பு எதன் மேலும் உரசாமல் போகும். நல்ல கைக்காரர்களின் சாமான்.

அவளுடைய தங்கை கணவன் ரஸ் பெல்லட்டியர் வைத்திருந்தது வேறு. ஒரு வளையம், உள்ளே சுற்றிலும் நார், நடுவில் அம்பு நுழைய ஒரு துளை. வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் அம்பு விழாது. புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்குவது. வெர்லா அதற்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தாள். இருபது வருடமாக ரஸ் மான் இல்லாமல் திரும்பும் ஒவ்வொரு சாயங்காலமும், "என்ன ரஸ், காட்டைப் பெருக்கி முடிச்சாச்சா?" என்று கேட்பாள்.

[நம் ஊரில் ரஸ் அவளை மதினி என்று கூப்பிட்டிருப்பான். இங்கே வெறும் வெர்லாதான். மதினி என்று எழுதிப் பார்த்தேன், அவன் வாயில் நிற்கவில்லை.]

போன நவம்பரில் அவள் பரணில் இருந்தாள். நல்ல கொம்போடு ஒரு மான் கீழே வந்து நின்றது. நாணை இழுத்தாள். வில் பிடித்த இடது கை நடுங்கியது. அம்பு கவையிலிருந்து நழுவி, பரணின் இரும்புக் கம்பியில் மோதி, கோவில் மணி மாதிரிச் சத்தம் போட்டது. மான் போய்விட்டது.

கை நடுங்குவது அவளுக்குப் புதிதில்லை. காப்பியைக் கோப்பையில் பாதிதான் ஊற்றிக்கொள்வாள். அவள் அப்பாவுக்கும் அந்த நடுக்கம் இருந்தது. கடைசிவரை மரம் அறுத்த மனிதர். அதனால் அதை ஒரு பெரிய விஷயமாக அவள் நினைக்கவில்லை. மான் போனதும் அவளுக்குப் பொருட்டில்லை. கம்பியில் மோதிய அந்த அம்பு, நாணை விடும் நேரத்தில் நழுவியிருந்தால் மானின் வயிற்றில் போயிருக்கும் என்பதுதான் அவளை இறங்க விடாமல் பரணிலேயே உட்கார வைத்தது. வயிற்றில் அம்போடு மான் இரண்டு நாள் ஓடும்.

குளிர்காலம் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதில் ஒரு சங்கடம் இருந்தது. கத்தரியும் சவரக்கத்தியும் பிடித்துப் பிழைக்கிறவள் கை நடுங்குகிறது என்று சொன்னால், அப்புறம் யார் வந்து கழுத்தைக் கொடுப்பார்கள்?

3

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வேட்டைக் காலத்துக்கு முன்னால் கடையில் கூட்டம் அதிகம் இருக்கும் நாள். இரண்டு நாள் பொறுத்து வந்திருந்தால் நார்பர்ட் மட்டும்தான் இருந்திருப்பார். அவளுக்கு அது தெரியாதா என்ன.

நார்பர்ட் அவளுடைய வில்லைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பெட்டி எடுத்து வந்தார். விலை கூடின புதுச் சாமான்.

"இதுவும் கவைதான். மேலயும் மூடியிருக்கு, அம்பு வெளிய வராது. நாணை விட்டா அதுவா கீழ விழுந்துடும்." குரலைத் தணித்துக்கொண்டார். "பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

[ஒரு வரைவில் நார்பர்ட்டை விற்பனைத் தந்திரக்காரராக எழுதியிருந்தேன். தப்பு. அவர் அவளுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்தார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.]

கடையின் பின்பக்கம் அம்பு விட்டுப் பார்க்க நீளமான கூடம் உண்டு. மூடின கவையில் விட்டாள். அம்புகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பிறகு நார் வளையத்தை மாட்டச் சொல்லி விட்டாள். இலக்கு பக்கத்தில் இருந்தவரை அதே மாதிரிதான். அதைத் தூரத்தில் வைத்தபோது அம்புகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின.

"பாத்தியா?" என்றார் நார்பர்ட். "தூரத்துக்கு அது சரிவராது."

"தூரத்துக்கு இனிமே நான் விடப் போறதில்ல."

மூடின கவை கீழே விழுவதற்கு ஒரு மெல்லிய நூல் இருக்கிறது. நாணோடு சேர்ந்து நகரும் வில்லின் கம்பிவடத்தோடு அதைக் கட்டியிருப்பார்கள். வெர்லா அந்த முடிச்சை அவிழ்த்தாள். திரும்பக் கட்டப் பார்த்தாள். நூல் முனை கோக்க வேண்டிய துளைக்குப் பக்கத்தில் போய்ப் போய் விலகியது. இன்னொரு தடவை முயன்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு தடவை.

"கொடு, நான் கட்டித் தரேன்," என்றார் நார்பர்ட்.

"பரண்ல நீ கூட வருவியா?"

வெர்லா முன்பக்கம் வந்தாள். ரஸ் அங்கே அம்பு முனைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நார்பர்ட், அந்தத் துடைப்பத்தையே மாட்டு."

4

இங்கே நான் எழுதியிருந்தது:

"ரஸ் மெல்ல எழுந்து வந்தான். அவள் தோளில் கை வைத்தான். 'பரவாயில்ல வெர்லா, நாங்க எல்லாரும் உன் கூட...'"

செப்டம்பரில் அவளிடம் முடிவெட்டிக்கொள்ளப் போனபோது இந்தக் கட்டத்தை வாய்வார்த்தையாகச் சொன்னேன். வெர்லா கத்தரியை நிறுத்திவிட்டாள்.

"யாரு, ரஸ்ஸா? அவன் அப்படிச் சொல்லியிருந்தா நான் அங்கயே அழுதிருப்பேன். நீயும்தானே சாமி அங்க இருந்த? உன் காதுல என்ன விழுந்துச்சோ அதை எழுது."

[என் முழுப்பெயர் கந்தசாமி. அதில் பாதியைத்தான் இந்த ஊர் எடுத்துக்கொண்டது.]

காதில் விழுந்தது இதுதான். ரஸ் அவளை நெடுநேரம் பார்த்தான். பிறகு திரும்பி, "நார்பர்ட், கடையைச் சாத்து. இன்னிக்கு ஊருக்கே லீவு," என்றான்.

"சிரிச்சு முடிச்சுடு," என்றாள் வெர்லா.

"எதுக்கு முடிக்கணும்? இருபது வருஷ பாக்கி. தவணையிலதான் சிரிப்பேன். அது சரி, திடீர்னு என்ன ஞானம்?"

"கை நடுங்குது, ரஸ். கவையில அம்பு நிக்கல."

அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் முடிவெட்டிக்கொள்கிறவர்கள். தொப்பிகள் தொங்கிய பக்கம் நின்ற ஓர் ஆள் தன்னையறியாமல் பிடரியைத் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன். வெர்லாவும் பார்த்தாள்.

"எந்தக் கை?" என்றான் ரஸ்.

"வில் பிடிக்கிற கை."

"கத்தரி பிடிக்கிறது?"

"அதுவும் கொஞ்சம்."

ரஸ் அம்பு முனைகளை மேஜைமேல் வைத்தான். "அப்போ கேட்டுக்கோ. நார்ல பனி பட்டு ஈரமானா உறைஞ்சு கல்லாயிடும். பரண்ல உக்காந்திருக்கிற நேரமெல்லாம் அது மேல ஒரு கம்பளிக் குல்லா மாட்டி வைக்கணும். என்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு, கொண்டாந்து தரேன். பாக்க அசிங்கமா இருக்கும். உனக்குப் பொருத்தமா இருக்கும்."

"துவைச்சுக் கொண்டா," என்றாள் அவள்.

5

இந்தப் பகுதி முதலில் கதையில் கிடையாது. வெர்லாவை மட்டும் வியந்துவிட்டு முடித்துவிடலாம் என்றிருந்தேன்.

அடுத்த வாரம் அவளுடைய வாடிக்கைக்காரர்கள் சிலர் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்தத் தடவை வர முடியவில்லை என்றார்கள். காரணம் சொன்னவர்களைவிடச் சொல்லாதவர்கள் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலை ரஸ் அவள் கடைக்கு வந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் மனைவி ஓட்டும் மிஷினுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள். தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி ஜன்னலோரத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான்.

"காது ரெண்டும் வேணும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

"உனக்கெதுக்கு காது? யார் சொல்றதையும் கேக்கறவனா நீ?"

உள்ளே காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். வெர்லா மணிக்கட்டை அவன் தலையில் அழுத்தி ஊன்றினாள். ஊன்றினால் நடுக்கம் அடங்கும். இது அவளாகக் கண்டுபிடித்த வழி. இத்தனை நாள் ஒருவர் தலைக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தது. அன்றைக்கு எல்லோரும் பார்க்கச் செய்தாள். பிடரியில் சவரக்கத்தி இறங்கியபோது ரஸ் பேச்சை நிறுத்தினான். அவன் பயந்ததற்கு அது ஒன்றுதான் அடையாளம். துண்டை உதறியதும் கண்ணாடியில் ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் பார்த்தான். "என் பொண்டாட்டியைவிட மோசமில்ல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வராமல் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவேயில்லை. அப்படியே எழுதுகிறேன்.

அவளுடைய தைரியத்தைப் பற்றி ஒரு நீண்ட பத்தி எழுதி வைத்திருந்தேன். சொன்னபோது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தைரியமெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. வயித்துல அம்போட ஒரு மான் ஓடறதை நான் பாத்திருக்கேன். நான் விட்ட அம்பு இல்ல. இருந்தாலும் பாத்திருக்கேன். அந்த விலை கூடினது நல்ல சாமான்தான். ஆனா நூல் அறுந்தா நான் ஒளியணும், முடிச்சு போட ஒளியணும். மரத்து மேல உக்காந்துக்கிட்டு எத்தனை பேருக்கு ஒளியறது?" என்றாள்.

பத்தியை எடுத்துவிட்டேன். அவள் பேசியது அதைவிட நன்றாக இருக்கிறது.

6

இதை எழுதுவது செப்டம்பர் கடைசி நாள் மத்தியானம். நாளைக்கு வேட்டைக் காலம் தொடங்குகிறது. என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. மான் பக்கத்தில் வருகிறது. நடுங்கும் கையிலும் அம்பு நாருக்குள் அசையாமல் இருக்கிறது. நெஞ்சில் பாய்கிறது. சாயங்காலம் ரஸ் ஒன்றும் சொல்லாமல் மானை இழுக்கக் கை கொடுக்கிறான்.

ஆ. மான் வருகிறது, ஆனால் அவள் தனக்கு வைத்துக்கொண்ட தூரத்துக்கு அப்பால். கவை இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பாள். இழுத்த நாணை மெல்லத் தளர்த்துகிறாள். [வாசகர்கள் அவளை மதிக்க இதுதான் தோது. அதனாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகம்.]

இ. இழுத்த பிறகு நடுக்கம் நிற்கவே இல்லை. அவள் வில்லைத் தாழ்த்தி, இது கடைசி என்று... [இதை எழுத முடியவில்லை.]

கையால் தீர்மானிக்க முடியாமல் காலால் நடந்து அவள் வீட்டுக்கே போனேன். வண்டியின் பின்பக்கம் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். வில்லில் நார் வளையம் இருந்தது. அதன்மேல் ஆரஞ்சும் பச்சையுமாக, சொன்னபடியே அசிங்கமாக, ஒரு குல்லா. மூன்று முடிவுகளையும் சொன்னேன். அம்பு வைக்கும் கூட்டைப் பட்டை போட்டு இறுக்கிக்கொண்டே கேட்டாள். பட்டையின் கொக்கி இரண்டு தடவை தவறியது. நான் கை நீட்டவில்லை. மூன்றாவது தடவை மாட்டிவிட்டாள்.

"இதுல எதை வைக்கட்டும், வெர்லா?"

வண்டிக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் அம்பு விடறதுக்கு முன்னாடி நீ விட்டுடாத."

அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். அம்பு உட்கார்ந்திருக்கிறது. நீங்களும் தொடாமல் இருங்கள்.