அடிக்கூடை

முஸ்லிம் சுற்றுலாக்காரர்களைத் தங்கள் ஊர்ப் பொதுமனையான மராயேவுக்கு விருந்தாளிகளாகக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஊர் கூடியபோது, ஹூரியாதான் முதலில் வாயைத் திறந்தாள். அது திறந்தால் லேசில் மூடாது.

"நம்ம சோத்தத் தின்ன மாட்டாங்களாம், நம்ம பீரத் தொட மாட்டாங்களாம். அப்புறம் எதுக்கு வர்றாங்க, நம்ம மூஞ்சியப் பாக்கவா?"

"அக்கா, போன ஞாயித்துக்கிழமை நீ வளைச்சு வளைச்சுத் தின்னியே, அந்த ஆட்ட அறுத்ததே ஒரு முஸ்லிம் ஆளுதான்," என்றாள் மெரேனா. "நம்ம கறித் தொழிற்சாலைல பிஸ்மில்லா சொல்லித்தான் அறுக்குறாங்க. உனக்கு வயித்த வலிச்சுதா?"

சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் ஆதரவாகக் கை தூக்கவில்லை. முஸ்லிம்களைப் பற்றித் தொலைக்காட்சியில் கண்டதையெல்லாம் மனதில் போட்டு வைத்திருந்தார்கள். அப்போது எழுந்தவன் மெரேனாவின் அண்ணன் விரெமு. இந்தக் கிழக்குக் கரையில் அவனைப்போல ஹாங்கிக் குழி போட, சுட்ட கல்லோடு கறியை மண்ணில் புதைத்து வேகவைக்க, தெரிந்தவன் கிடையாது. பேச மட்டும் தெரியாது.

"நம்ம அப்பாவ டவுன் ஓட்டல்ல பின்வாசல்லதான் நிக்க வச்சாங்க. நம்ம வாசல்ல யாரும் அப்படி நிக்கக் கூடாது. இங்க வந்தவங்க பசியோட போனதில்ல. இவங்களும் போகக் கூடாது. அவ்வளவுதான்."

அவன் வார்த்தைக்குத்தான் ஊர் தலையசைத்தது. விருந்தில் குறை வந்தால் அது அவன் தலையில்தான் விடியும் என்று மெரேனாவுக்குத் தெரிந்தே இருந்தது.

விருந்தாளிகள் மலேசியாக்காரர்கள். விரெமு ஒவ்வொன்றாக விசாரித்து வைத்துக்கொண்டான். அவர்கள் தொழுவதற்குப் பின்னறையைக் கூட்டிப் பெருக்கினான். வரவேற்பில் அவர்கள் வீட்டுப் பெண்களோடு நம் வழக்கப்படி மூக்கோடு மூக்கு ஒட்ட வேண்டாம், நெஞ்சில் கை வைத்தால் போதும் என்று ஊர் ஆண்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்தான். பன்றிக்கறி ஆகாது என்று மெரேனா சொன்னதும், "சரி, ஒரு துண்டுகூடப் போடமாட்டேன்" என்றான். அவள் அதோடு விட்டுவிட்டாள்.

விருந்தன்று முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. வரவேற்புப் பாட்டு முடிந்ததும், ரொஹானா என்ற பெரியம்மா மெரேனாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "போற எடத்துலயெல்லாம் இதுல என்ன இருக்கு, அதுல என்ன இருக்குன்னு கேட்டுக் கேட்டே வாய் நோவுதும்மா. இங்க கேக்கப் போறதில்ல. உன் மூஞ்சியப் பாத்தாலே போதும்."

மெரேனாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுக் குழிப்பக்கம் போனாள். மண்ணை விலக்கி, ஈரச்சாக்கை உரித்து, ஆவி பறக்கக் கூடைகளைத் தூக்கிக்கொண்டிருந்தான் விரெமு. முகம் பூரித்திருந்தது.

"பாரு மெரேனா, கறி எலும்ப விட்டுக் கழண்டு வருது. வெறும் ஆட்டுக்கறி வறண்டு போகும்ல? அடிக்கூடைல கொஞ்சம் பன்னிக் கொழுப்பு வச்சேன். அதோட ஆவி மட்டும்தான் மேல ஏறுச்சு. கொழுப்ப எடுத்துத் தனியா வச்சாச்சு. அவங்க தட்டுல ஒரு துணுக்கு விழாது."

கொழுப்பு வைக்காத ஹாங்கி இந்த ஊரில் கஞ்சத்தனம். விருந்தாளிக்குச் சப்பென்ற கறியைப் போடுவது அவமரியாதை. விரெமு தன்னிடமிருந்த மரியாதையைத்தான் குழியின் அடியில் வைத்திருந்தான்.

"அண்ணே, ஆவி பட்டாலும் அவங்களுக்கு ஆகாது."

"நான்தான் எடுத்துட்டேனே," என்றான். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த கூடையை மெல்லக் கீழே வைத்தான்.

ஹூரியா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "சும்மா இரு, சொல்லாத. தெரியாம தின்னா அவங்களுக்குப் பாவமில்ல. சொன்னா பட்டினியாப் போவாங்க, ஊரு இவனத்தான் காறித் துப்பும்."

அவள் சொன்னதில் பாதி நியாயம்தான். மெரேனா அண்ணனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாயை மூடியிருப்பாள். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் உள்ளே போய் ரொஹானா அம்மாவிடம் சொன்னாள். பெரியம்மா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு, தன் ஆட்களிடம் திரும்பி அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசினாள். ஒவ்வொருவராக வெறும் தட்டைக் கீழே வைத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பையிலிருந்த பன்னையும் வாழைப்பழத்தையும் எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

ரொஹானா அம்மா மட்டும் எழுந்து குழியோரம் போனாள். விரெமு மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"விடியறதுக்கு முன்னாடியே நெருப்பு மூட்டினீங்களாமே தம்பி. நீங்களும் ஒண்ணும் சாப்பிடல." பன்னைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள்.

சொந்த வாசலில், விருந்தாளியின் கையிலிருந்து. மறுத்தால் அது இன்னொரு அவமானம். விரெமு இரண்டு கையாலும் வாங்கினான். மென்றான். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. மெரேனாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பேருந்து போன பிறகு ஊர் உட்கார்ந்து சாப்பிட்டது. கறியை வீணாக்குவது அங்கே வழக்கமில்லை. ஹூரியா ஒரு குத்தல் வார்த்தை சொல்லாமல் எல்லோருக்கும் பரிமாறினாள். விரெமு சாப்பிட வரவில்லை, வெளியே குழியை மூடிக்கொண்டிருந்தான். மண்வெட்டிச் சத்தம் உள்ளே கேட்டது.

அவன் கையால் அதுவரை அவ்வளவு ருசியாக எதுவும் வந்ததில்லை. போய் அதை அவனிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.