மூன்றாம் தூண்

காலை பதினோரு மணிக்கு மூன்றாம் தூணின் மேல் காங்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. முதலில் ஒரு இரும்புக்குழாய் முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. அடுத்த நொடி பலகை, கம்பிக்கூடு, ஈரக் கலவை, மேலே நின்ற ஏழு பேர் என எல்லாமே ஒன்றாகக் கீழே வந்து விழுந்தன.

பாலத்தின் திட்ட மேலாளர் தகரக் கொட்டகை அலுவலகத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஒருவன் தொடையில் கம்பி ஏறி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொருவனுக்கு முகமே இல்லை, முழுக்கக் கலவை. மண்டியிட்டு இரண்டு கையாலும் வழித்தாள். மூக்கு கிடைத்தது, வாய் கிடைத்தது. மூச்சு கிடைக்கவில்லை.

"தண்ணி ஊத்துங்கய்யா! கலவ இறுகிடும்!" என்று கத்தினாள்.

ஐந்து பேரை உயிரோடு எடுத்தார்கள். இரண்டு பேர் பிணம். செத்தவர்களில் ஒருவனின் அண்ணன் அதே இடத்தில் கம்பி கட்டுகிறவன். அவன் அழவில்லை. தம்பியின் காதுக்குள் அடைத்திருந்த கலவையை விரலால் தோண்டிக்கொண்டே இருந்தான்.

ஆம்புலன்ஸ் போன கையோடு தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "எப்படி ஆச்சு? பத்து நிமிஷத்துல எனக்குக் காரணம் வேணும்."

எப்படி ஆச்சு? அவளுக்கே தெரியவில்லை. பதினாறு வருட வேலையில் இப்படியொன்றை அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் அவளுடைய கொழுந்தன் நின்றான். சாரம் கட்டும் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி.

"அண்ணி, திங்கக்கிழமை அவன் என்ன சொன்னான்? மறந்துட்டீங்களா?"

அவன் என்றால் வெல்டர். வாய் ஓயாமல் குறை சொல்வதால் எல்லோரும் 'முணுமுணுப்பு' என்றே கூப்பிடுவார்கள். கையுறை கிழிசல், டீ தண்ணி, கழிப்பறை நாற்றம் என்று தினமும் ஒரு பட்டியல் வைத்திருப்பான். திங்கட்கிழமை கொழுந்தனோடு கைகலப்பு வரை போனதால் அவள் அவனை வேலையிலிருந்து நிறுத்தினாள். வாசலில் நின்று, "மூணாம் தூண் சாரம் நிக்காது, எழுதி வெச்சுக்கோங்க!" என்று கத்திவிட்டுப் போனான்.

"இன்னிக்குக் காலையிலகூட வேலியோரம் நின்னான், வாட்ச்மேன் பாத்திருக்கான்" என்றான் கொழுந்தன்.

அவளுக்குள் எல்லாம் சட்டென்று பொருந்தியது. பொருந்தியதில் ஒரு நிம்மதிகூட வந்தது. போனில், "சார், இது சதி. வேலைய விட்டு எடுத்த வெல்டர் ஒருத்தன் செஞ்சிருக்கான்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் காதில் அது விழுந்தது. கம்பி கட்டுகிறவன் தம்பியின் தலையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு எழுந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் தடுக்கவில்லை.

போலீஸ் வருவதற்குள் ஆதாரத்தைப் படம் எடுத்துவிடலாம் என்று தூணின் அடிக்குப் போனாள். அறுத்த வெல்டிங்கைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. குழாய்கள் சேலை பிழிந்ததுபோல் முறுக்கியிருந்தன, ஆனால் முணுமுணுப்பு வைத்த ஒட்டு ஒன்றும் விடவில்லை. பிறகுதான் கீழே பார்த்தாள். சாரத்தின் கால்கள் முழங்கால் ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கியிருந்தன. போன வாரம் மழைநீர் போக அவள் வெட்டச் சொன்ன வாய்க்கால் அங்கேதான் போயிற்று. அவசரத்தில் அதை மண் அள்ளிப்போட்டு மூடி, இடித்து இறுக்காமலே கொழுந்தன் சாரத்தின் காலை ஊன்றியிருக்கிறான்.

திங்கட்கிழமை முணுமுணுப்பு அவள் மேசை முன் நின்று சொன்னது இப்போது முழுசாக நினைவுக்கு வந்தது. "கையுறை ஓட்டை மேடம். டீ வாயில வைக்க முடியல. மூணுல பொத மண்ணு மேல கால் நிக்குது." அவள் கையுறைக்கு மட்டும் ஆர்டர் போட்டாள்.

வாட்ச்மேன் அருகில் வந்தான். "காலையில உங்களப் பாக்கணும்னு கெஞ்சினான் மேடம். நாந்தான் உள்ள விடல."

கம்பி கட்டுகிறவன் எழுந்து போனது நினைவுக்கு வர, அவள் ஓடினாள். கொழுந்தன் குறுக்கே வந்து கையைப் பிடித்தான். "அண்ணி, வாய மூடிட்டு இருங்க. உங்க தல மட்டுமா உருளும்? என் தலையும் சேந்து உருளும்."

உதறிவிட்டுப் போனாள்.

தொழிலாளர் குடியிருப்பில் முணுமுணுப்பு இன்னும் காலி செய்யாத நான்காவது வீட்டின் கதவு பெயர்ந்து கிடந்தது. உள்ளே முணுமுணுப்பு குப்புறக் கிடந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இரண்டு பேர் அவன் வலது கையை வாசற்படியில் அழுத்திப் பிடிக்க, கம்பி கட்டுகிறவன் இரும்புக் கம்பியால் அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தான். அடிக்கு ஒரு தடவை தம்பியின் பெயரைச் சொன்னான். மூலையில் முணுமுணுப்பின் மனைவியின் வாயை ஒருவன் பொத்தியிருந்தான்.

"நிறுத்துங்க! அவன் இல்ல!"

யாரும் திரும்பவில்லை. அவள் அந்தக் கையின் மேல் விழுந்தாள். "அங்க வாய்க்கா வெட்டச் சொன்னது நான்! இவன் வந்து சொன்னான், நான் கேக்கல! உன் தம்பியக் கொன்னது நான்தான்யா!"

ஓங்கிய கம்பி அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது. அவளுடைய தோள் எலும்பு முறிந்த சத்தம் அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகே அவன் கம்பியைப் போட்டுவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

நிர்வாகம் ஆஸ்பத்திரிக்கே ஒரு தாள் கொண்டுவந்தது. 'எதிர்பாராத மழையால் மண் இளகியது' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் போதுமாம். அவள் போடவில்லை. நடந்ததை நடந்தபடி போலீசிடம் சொன்னாள். வேலை போயிற்று. அவள்மேலும் கொழுந்தன்மேலும் வழக்கு வந்தது. அடித்தவனை ஜெயிலில் போட்டார்கள். குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று மாமியார் பேச்சை நிறுத்தினாள்.

தோள் கட்டுப் பிரித்த வாரம் முணுமுணுப்பின் வீட்டுக்குப் போனாள். அவனுக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். மனைவிதான் வாசலுக்கு வந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேம்மா."

"அவருக்குச் சட்டைப் பித்தான்கூட நாந்தான் போட்டு விடுறேன்" என்றாள் அவள். "நீங்க கேக்கற மன்னிப்ப அவரு எந்தக் கையால குடுப்பாரு?"

மேலாளர் திரும்பினாள். அவள் படியிறங்கும் வரை அந்தப் பெண் கதவைச் சாத்தவுமில்லை, உள்ளே வாங்க என்று சொல்லவுமில்லை.