ஒன்பது வாசல் துணி

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்று வாக்கில், நல்லையாக் கங்காணி என்று ஒருவர் இருந்தார். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் லுணுகலையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். பசறை வரைக்கும்தான் கேட்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் காது மந்தம். கோட்டு, தலைப்பாகை, கையில் கறுப்புக் குடை. அந்தக் குடையை விரித்தால் அரை மலைக்கு வெயில் படாது.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த ஐப்பசியில் கந்தல் துணிக்குப் பயந்து செத்துப் பிழைத்தார்.

அவருடைய மனைவி பாக்கியலெட்சுமிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றில் ஒன்றுகூட முப்பதாம் நாளைப் பார்க்கவில்லை. இப்போது நாலாவது, நிறைமாதம். தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்க்கும் பெரியாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒன்பது வீட்டு வாசலில் போய் நின்று, பிள்ளையைப் பெற்றவனே கையேந்தித் துணி கேட்க வேண்டும். கொடுப்பவர்கள் மனதாரக் கொடுக்க வேண்டும். அதை ஒட்டுப்போர்வையாகத் தைத்து, பிறந்த உடம்பில் முதலில் படுவது அந்தத் துணியாக இருக்க வேண்டும். பிச்சை வாங்கி வளர்க்கிற பிள்ளையை எமன் ஒரு பொருட்டாக எண்ணமாட்டானாம்.

கங்காணி சரி என்று தலையாட்டினார். ஆனால் எந்த வாசலில் போய் நிற்பது? காலையில் பிந்தி வந்ததற்காக அவர் திருப்பி அனுப்பாத ஆள் ஒருத்தர்கூட ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்கு நேரே போனார். வாசல் வந்ததும் கால் தானாகப் பசறைக்குத் திரும்பிவிட்டது. அது பத்து மைல் நடந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது.

பசறையில் அலவி என்றொரு தையற்காரர். அவர் கடை மூலையில் வெட்டி மிஞ்சிய துணி ஆனைமுடி மலை அளவுக்குக் கிடக்கும். அலவி சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அதை வாங்கியிருந்தால் ஒரு வாசலாவது கணக்கில் சேர்ந்திருக்கும். கங்காணிக்கு மானம் விடவில்லை. காசை மேசையில் வைத்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பாக்கியலெட்சுமிக்கு அன்று முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு மூன்று நாள் விளக்கேற்ற வேண்டியிருக்கவில்லை. பழைய சேலையை நாலாக மடித்து அடியில் போட்டாள். மேலே ஒவ்வொரு துண்டாக விளிம்பை உள்ளே மடித்து வைத்து, மாவுச் சாக்கில் உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டாள். ஒவ்வொரு துண்டுக்கும் இது யார் வீட்டுது என்று கேட்டாள். கங்காணி வாய்க்கு வந்த வீட்டைச் சொன்னார். அவள் அந்த வீட்டுக்காரி பெயரைச் சொல்லி நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் ஊசியைக் குத்துவாள். அந்த ஊசி கங்காணியின் நெஞ்சில் போய் இறங்கும்.

நீலப் பட்டுத் துண்டு ஒன்று வந்தது. இராக்கம்மா வீட்டுது என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அந்தத் தோட்டத்திலேயே நாக்கு நீளமானவள் இராக்கம்மா. அவள் வீட்டில் பட்டு ஏது என்று பாக்கியலெட்சுமி யோசித்தாள். தண்ணீர்ப் பீலியில் பார்த்தால் கேட்கிறேன் என்றாள்.

அன்றிலிருந்து கங்காணி அவளைப் பீலிக்கு அனுப்பவில்லை. தானே குடத்தைத் தூக்கினார். கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி தண்ணீர் சுமந்ததைப் பார்த்து ஒரு கிழவர் மயங்கி விழுந்தார். சோறு இறங்கவில்லை. போர்வை அங்குலம் அங்குலமாக வளர, இவர் அங்குலம் அங்குலமாக இளைத்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். அவள் போர்வையை வயிற்றின்மேல் விரித்து அளவு பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் மூடிக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் காலை, கொழுந்துமலையில் வரிசையாகப் பறிக்கும் பெண்களின் நிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கீழே லயத்திலிருந்து பெரியாயியின் குரல் மேட்டுக்கு ஏறி வந்தது. வலி கண்டுவிட்டது.

கங்காணி லயத்தைப் பார்த்தார். அத்தனை கதவும் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்காரிகள் எல்லாரும் இங்கே, அவர் கண்ணெதிரில், கூடையும் முதுகுமாக நின்றார்கள். தூறல் தொடங்கியது. அவர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிரைக்குள் இறங்கினார்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கங்காணிக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று இரண்டு பேர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். விஷயத்தைச் சொன்னபிறகு ஒருத்தி தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்துக் குடைக்குள் போட்டாள். மற்றவர்களும் கிழித்தார்கள். எட்டு சேர்ந்தது. ஒன்பதாவதாக நின்றவள் இராக்கம்மா.

"நேத்து என்னைப் பெரட்டுல இருந்து திருப்பி விட்டீங்களே, கங்காணி."

"ஆமா."

"அப்ப ஒரு சொல்லு சொன்னீங்க. அதை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். நீங்க கேக்குற மாதிரி கேளுங்க."

மலையையே கிடுகிடுக்க வைத்த அந்தத் தொண்டையிலிருந்து சின்னக் குரல்தான் வந்தது.

"தாயே, எம்புள்ளைக்கு ஒரு துணி குடு."

இராக்கம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையில் ஒரு சாண் கிழித்துக் குடைக்குள் எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

கங்காணி மலையிலிருந்து இறங்கியதை ஓடினார் என்று சொல்ல முடியாது. விழுந்தார் என்பதே சரி. சாத்திய கதவுக்கு வெளியே நின்று, அந்தப் போர்வையைப் பிள்ளைமேல் போட்டுவிடாதீர்கள் என்று கத்தினார். ஏன் என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. பசறை, அலவி, காசு, நீலப் பட்டு எல்லாவற்றையும் கதவிடம் சொன்னார்.

உள்ளேயிருந்து பாக்கியலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"கேட்டு வாங்குனதை நீங்களே தைச்சுக் குடுங்க. அதுவரைக்கும் எம்புள்ள எந்தோலு மேலயே கிடக்கட்டும்."

பெரியாயி கதவிடுக்கால் ஊசியையும் நூலையும் நீட்டினாள். கங்காணி வாசலில் உட்கார்ந்து ஈரத் துண்டுகளை மடியில் விரித்தார். ஊசிக் காதில் நூல் நுழைய நாற்பது தடவை எச்சில் தொட்டார். ஐந்தாவது துண்டில் உள்ளே குழந்தை அழுதது. அழுகை நின்றால் பயம். தொடர்ந்தால் அதைவிடப் பயம். ஒன்பதையும் முடித்து எழுந்தபோது போர்வை வேட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தார். பெரியாயி பல்லால் நூலைக் கடித்து வேட்டியை மீட்டுக் கொடுத்துவிட்டுப் போர்வையை உள்ளே கொண்டுபோனாள்.

பெண் பிள்ளை.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு ஒன்பது பேரும் வந்தார்கள். அவரவர் துண்டைத் தேடிப் பார்த்தார்கள். தலைமாட்டில் இருப்பது யாருடையது என்று சண்டைகூட வந்தது. கங்காணிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. இராக்கம்மா எறிந்துவிட்டுப் போன அந்த ஒரு சாண் துணியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இராக்கம்மா பக்கத்தில் போய் நின்றார்.

"இராக்கம்மா, நீ மனசாரக் குடுத்தியா?"

"இல்லீங்க."

கங்காணி போர்வையை எடுத்துவிடக் கையை நீட்டினார்.

இராக்கம்மா குனிந்து, குழந்தையின் காலடியில் கிடந்த தன் துண்டை எடுத்து நீவிவிட்டாள். அதன் கோணல் தையலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். குழந்தை கொட்டாவி விட்டது.

"இப்பக் குடுக்குறேன். வச்சுக்கங்க."